ஊராத்துறையும் கடல் கடந்த படையெடுப்புகளும்
முதலாம் பராக்கிரமபாகு காலத்து நோக்குமாற்றம் பற்றிய ஒரு குறிப்பு

நயினாதீவு நாகபூசணி அம்மன் கோயிலில் தமிழ்ச் சாசனம் பொறித்த கல்லொன்று உண்டு. பொலன்னறுவையிலிருந்து ஆட்சி புரிந்த முதலாம் பராக்கிரமபாகுவின் ஆணை அதில் இடம்பெற்றுள்ளது. 1963ஆம் ஆண்டிலே பேராசிரியர் கா. இந்திரபாலா இதனை ஆராய்ந்து வெளியிட்டபின் வரலாற்று மாணவர் இதன் சிறப்பை உணரலாயினர். பரதேசிகள் ஊராத்துறைக்கு வந்து தங்கவேண்டும் எனவும், அவர்களுக்குப் பாதுகாப்பு அளிக்கப்படவேண்டும் எனவும், பல துறைகளிலிருந்தும் அவர்கள் அங்கு வந்து கூடவேண்டும் எனவும் அச்சாசனம் கூறுகின்றது. அடுத்து, உடைந்துபோகும் மரக்கலங்கள் பற்றிய விதியொன்றை வகுக்கின்றது. யானையும் குதிரையும் கொண்டுவந்த கலம் சேதமுற்றால் நாலிலொரு பங்கு பண்டாரத்துக்கு; மூன்று பங்கு உடையவனுக்கு. ஏனைய வாணிகப் பொருள் கொண்டுவந்த கலம் சேதமுற்றால் பாதி பண்டாரத்துக்கு, பாதி உடையவனுக்கு.

ஊராத்துறை என்பது இன்றைய ஊர்காவற்றுறை. நாரந்தனையிலிருந்து சில கல் தொலைவு நடந்தால் அத்துறையின் கரையை அடையலாம். இன்று அமைதியாகக் கிடக்கும் அக்கரையில் நிற்பவருக்கு, ஒரு காலத்தில் அயல்நாட்டுக் கலங்களை இங்கு அழைத்துக் கல்லிலே ஆணை பொறிக்கப்பட்டது என்பது வியப்பளிக்கக்கூடும். ஆனால் வியப்புக்குரிய செய்தி வேறொன்றுண்டு. இவ்வாணையைப் பிறப்பித்த அரசு நூறு மைலுக்கு மேற்பட்ட தொலைவில், கடலைக் காணாத உள்நாட்டுச் சமவெளியில் அமைந்த அரசு. குளமும் வயலும் அதன் உயிர்நாடி. அத்தகைய அரசொன்று எவ்வாறு கடலை நோக்கித் திரும்பியது? அத்திருப்பத்தின் பயனை யார் பெற்றனர், விலையை யார் கொடுத்தனர்? பராக்கிரமபாகுவின் புகழைப் பாடுவோர் இவ்வினாக்களைத் தலைநகரில் நின்றே நோக்கி வந்துள்ளனர். துறைமுகத்தில் நின்று நோக்கும்போது தோன்றும் காட்சி சற்று வேறானது.

பராக்கிரமபாகுவுக்கு முன்னர் ஈழத்தரசர் கடலைக் கடந்ததே இல்லை எனக் கூறுவது தவறாகும். 9ஆம் நூற்றாண்டில் இரண்டாம் சேனனின் படை பாண்டி நாட்டினுட் புகுந்தது. 10ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஐந்தாம் காசியப்பன், சோழருக்கு எதிராகப் போரிட்ட பாண்டியன் இராசசிம்மனுக்குத் துணையாகப் படை அனுப்பினான். எனினும் இவை பழிவாங்கற் பொருட்டோ, வேண்டுகோளின் பேரிலோ நிகழ்ந்த தனிச் செயல்களே; தொடர்ந்த கொள்கையாக அமைந்தவையல்ல. படை சென்றது, திரும்பியது, அவ்வளவே. அநுராதபுர அரசின் கவனம் பெரும்பாலும் உள்நாட்டிலேயே நிலைத்திருந்தது. மாதோட்டத்தில் அயல்நாட்டு வணிகர் வந்து கூடினர். அரசு அவர்களிடம் வரி கொண்டது. கடல் அதற்கு வேலியாகவே தோன்றிற்று.

அவ்வேலி எத்துணை மெலிது என்பதைச் சோழர் உணர்த்தினர். கி. பி. 993 அளவில் முதலாம் இராசராசன் ஈழத்தின் வடபகுதியைக் கைப்பற்றினான். 1017இல் இராசேந்திரனின் படை ஐந்தாம் மகிந்தனைச் சிறைப்பிடித்தது. அரை நூற்றாண்டுக்குமேல் நீடித்த சோழர் ஆட்சியை 1070இல் முதலாம் விசயபாகு முடிவுக்குக் கொண்டுவந்தான். அவன் பெற்ற பாடம் தெளிவானது: கடலை ஆள்பவன் தீவை ஆள்வான். ஆயினும் அப்பாடத்தைச் செயற்படுத்த அவனால் இயலவில்லை. தன் தூதுவரைச் சோழர் அவமதித்தமைக்காக 1085 அளவில் சோழ நாட்டின்மீது படையெடுக்க ஆயத்தமானான். அவனது சேவையிலிருந்த வேளைக்காரப் படையினர் அப்போருக்குச் செல்ல மறுத்துக் கலகஞ் செய்து பொலன்னறுவை அரண்மனையைத் தீக்கிரையாக்கினர். கலகத்தை அடக்கிய பின்னரும் அவன் துறைமுகத்துக்குச் சென்று எதிரி வருவானென்று காத்திருந்ததோடு அமைந்தான். 1110இல் அவன் இறந்தபின் அரசுரிமைப் போட்டியால் நாடு நாற்பதாண்டுக்கு மேலாகப் பிளவுற்றுக் கிடந்தது. அக்காலத்தில் வெளிநாட்டை எண்ண எவருக்கும் ஓய்வில்லை.

1153இல் பொலன்னறுவையில் ஒரே அரசனாக அமர்ந்த பராக்கிரமபாகு முதலில் நீரைத் திருத்தினான். பின்னரே கடலைத் தொட்டான். கடலை நோக்கி ஓடும் ஆற்றை மறித்துக் குளத்தில் தேக்கிய அவ்வரசன், தான் பெருக்கிக் கட்டிய குளத்துக்குச் சமுத்திரம் என்றே பெயரிட்டான். தக்கிண தேசத்தை ஆண்ட காலத்திலேயே இரத்தினங்களைக் கலங்களில் ஏற்றி வெளிநாட்டுக்கு அனுப்பிப் பொருளீட்டியதாகச் சூளவம்சம் கூறுகின்றது. உரோகணத்தில் எழுந்த கிளர்ச்சியை அடக்கிய பின்னர், ஒன்றுபட்ட நாடும் நிறைந்த களஞ்சியமும் போரிற் பழகிய படையும் அவன் கையில் இருந்தன. இவை மூன்றும் ஒருங்கே அமைந்த அரசு தன் எல்லைக்குள் அடங்கியிருப்பது அரிது. உள்நாட்டுப் போரை முடித்துத் தன் நிலப்பரப்பை நிரப்பிக்கொண்ட அமெரிக்க ஐக்கிய நாடு, 1898இல் கியூபாவிலும் பிலிப்பைன்சிலும் கால்வைத்ததை இங்கு நினைவு கூரலாம். அதற்கு எட்டாண்டுகள் முன்னரே கடற்படை அறிஞர் மகான், கடலாதிக்கம் பற்றிய தம் நூலில் அத்திசையைச் சுட்டியிருந்தார். எழுநூறு ஆண்டு இடைவெளியும் வேறுபட்ட பொருளாதார அமைப்பும் உடைய இரு நிகழ்ச்சிகளை ஒன்றெனக் கொள்வது பொருந்தாது. ஆயினும் வாணிகம், துறைமுகம், கடற்படை ஆகியன ஒன்றையொன்று இழுத்துச் செல்லும் என்ற அளவில் ஒப்புமை உண்டு. மகான் எழுதியது பிற்காலத்துக்கு வழிகாட்டிற்று. நயினாதீவுக் கல் தன் காலத்து நடைமுறையைக் காட்டுகின்றது.

முதற் படையெடுப்பு இராமஞ்ஞ தேசத்தின்மீது, அதாவது பர்மாவின்மீது, 1165ஐ அண்டி நிகழ்ந்தது. காரணங்களைச் சூளவம்சம் விரிவாகக் கூறுகின்றது. பர்மிய அரசன் யானை விற்பனையைக் கட்டுப்படுத்தினான், விலையைப் பன்மடங்கு உயர்த்தினான், ஈழத்திலிருந்து பரிசு கொண்டுவரும் கலத்துக்கு ஒரு யானை கொடுக்கும் பழைய வழக்கத்தை நிறுத்தினான், தூதுவரை இழிவுபடுத்தினான், காம்போசத்துக்கு அனுப்பப்பட்ட இளவரசியைக் கவர்ந்தான். புண்பட்ட மானத்தின் கதையாக நூலாசிரியர் இதனைச் சொன்னாலும், யானை வாணிகமும் கீழைக் கடல்வழியும் இதன் அடிநாதம் என்பது வெளிப்படை. காம்போசத்துக்குச் செல்லும் பாதை பர்மிய ஆதிக்கத்திற்குட்பட்ட கரைகளை ஒட்டியது. அப்பாதை அடைபடின் ஈழத்தின் கீழைத் தொடர்பு அறுபடும்.

ஐந்து மாதங்களில் கலங்கள் ஆயத்தமாயின. ஓராண்டுக்குரிய உணவும், யானைகளைத் தடுக்கும் இரும்புக் கருவிகளும், நஞ்சூட்டிய அம்பினால் உண்டாகும் புண்ணுக்கு மருந்தும், மருத்துவரும் ஏற்றப்பட்டனவாம். திருகோணமலைக்கு வடக்கே பல்லவவங்கத்திலிருந்து புறப்பட்ட இப்படையின் தலைவன் ஆதிச்சன் என்னும் தமிழ் அதிகாரி. புயலில் அகப்பட்டுப் பல கலங்கள் சிதறின. ஐந்து கலங்கள் குசுமி என்னும் துறையை அடைந்தன. அவற்றின் தலைவன் நகரகிரி கித்தி. அவனுக்கு நிலம் வழங்கப்பட்டதைத் தேவனகலைக் கல்வெட்டு உறுதிசெய்கின்றது. எனவே படையெடுப்பு வெறுங் கற்பனையன்று. ஆனால் இதனைப் பேரரசு ஒன்றின் வெற்றியாக வருணிக்கும் பகுதியை நாம் அவ்வாறே ஏற்கவேண்டியதில்லை. நாடு கைப்பற்றப்படவில்லை, துறைகள் தாக்கப்பட்டன, உடன்பாடு ஏற்பட்டது, யானை வாணிகம் மீண்டது. திட்டமிட்ட கடற்சோதனை என்று இதனைக் கூறுவது பொருத்தமாகும்.

இந்நிலையில் நயினாதீவுச் சாசனத்தை மீண்டும் நோக்குவோம். யானைக்கும் குதிரைக்கும் அது தனிச்சலுகை தருகின்றது. தன் காடுகளில் யானையை உடைய ஈழம் யானையை ஏன் வரவழைத்தது என்று கேட்கத் தோன்றும். படைக்குப் பயிற்றிய யானை வேறு; காட்டிற் பிடிக்கும் யானை வேறு. மேலும் யானைக்காகப் பர்மாவோடு போரிட்ட அரசு, யானை வரும் துறையைத் திறந்துவைக்க முயல்வது இயல்பே. குதிரையோ இங்கு உற்பத்தியாவதில்லை. அரபுக் கரைகளிலிருந்தும் பாரசீகக் குடாவிலிருந்தும் வந்த குதிரைக்குத் தென்னிந்திய அரசர் அனைவருமே போட்டியிட்டனர். எனவே கலச்சேத விதியைப் போர்ப்பொருளின் இறக்குமதிக்கான ஊக்கமாகக் கொள்ளுதல் வேண்டும். வணிகனுக்கு அது கணக்குப் பாடம்: இங்கு வந்து கலம் உடைந்தாலும் முக்காற் பங்கு மீளும்.

ஆழமற்ற கடலும் மேடுகளும் சூழ்ந்த இத்தீவுப் பகுதியில் கலம் தட்டுவது புதுமையன்று. கரையொதுங்கிய பொருள் அரசனுக்கே உரியது என்பது பல நாடுகளில் நிலவிய வழக்கு. அவ்வழக்கைத் தளர்த்தியமையே இச்சாசனத்தின் சிறப்பு. ஆனால் அதன் தாராளத்தை மிகைப்படுத்தலாகாது. ஆந்திரக் கரையில் மோட்டுப்பள்ளியில் காகதீய மன்னன் கணபதிதேவன் 1244இல் பொறித்த சாசனம், புயலில் ஒதுங்கிய கலங்களின் பொருள் முழுவதையும் முன்னைய அரசர் பறித்ததைக் கண்டித்து, முப்பதில் ஒரு பங்கு தீர்வை நீங்கலாக அனைத்தையும் வணிகனுக்கே விட்டது. அதனோடு ஒப்பிடும்போது பாதியைக் கேட்கும் பராக்கிரமபாகுவின் ஆணை வணிகருக்கு இரங்கிய அரசனின் குரலாகத் தோன்றவில்லை. தேவையை அளந்து விலை பேசும் அரசனின் குரலாகவே தோன்றுகின்றது. படைக்கு வேண்டிய பொருளுக்கு ஒரு விலை, வேண்டாததற்கு வேறொரு விலை.

இரண்டாவது படையெடுப்பு இதனினும் பெரிது. மதுரையிற் பராக்கிரம பாண்டியனைக் குலசேகரன் முற்றுகையிட்டபோது, அவன் ஈழத்தரசனிடம் துணை வேண்டினான். இலங்காபுரன் என்னும் தண்டநாயகன் தலைமையிற் படை புறப்படுமுன்னரே பாண்டியன் மனைவி மக்களுடன் கொல்லப்பட்டான். துணை வேண்டியவன் இறந்துவிட்டான் எனின் துணைப்படை திரும்பியிருத்தல் வேண்டும். திரும்பவில்லை. 1169ஐ அடுத்த ஆண்டுகளில் மாதோட்டத்திலிருந்து கடலைக் கடந்து இராமேசுவரத்தைக் கைப்பற்றியது. குந்துகாலில் ஒரு கோட்டையை எழுப்பி அதற்குப் பராக்கிரமபுரம் எனப் பெயரிட்டது. பராக்கிரமபாகுவின் பெயர் பொறித்த நாணயத்தை அங்கு வழங்கச் செய்தது. சிறைப்பட்டோர் ஈழத்துக்கு அனுப்பப்பட்டு, அநுராதபுரத்துப் பெருந்தூபியைப் புதுப்பிக்கும் வேலையில் ஈடுபடுத்தப்பட்டனர். கோட்டை, நாணயம், சிறைப்பட்டோர் உழைப்பு ஆகிய மூன்றையும் சேர்த்து நோக்கின், உதவிப் படை ஆதிக்கப் படையாக மாறிய கணத்தைக் காணலாம். ஒதுங்கியிருந்த அரசுகள் பெரும்பாலும் ஒருவருக்கு உதவும் பெயரிலேதான் முதன்முறை வெளியே காலெடுத்து வைக்கின்றன. அழைத்தவன் மறைந்தபின்னும் சென்றவன் அங்கேயே நிற்பது வரலாற்றிற் பன்முறை கண்டதே.

சகத்விசயன் என்னும் மற்றொரு தளபதியின் துணையோடு மதுரை கைப்பற்றப்பட்டது; இறந்தவனின் மகன் வீரபாண்டியன் அரியணையில் அமர்த்தப்பட்டான். சூளவம்சத்தின் கதை வெற்றியோடு நின்றுவிடுகின்றது. எஞ்சியதை அறியச் சோழநாட்டுச் சாசனங்களையே நாடவேண்டும். குலசேகரன் சோழன் இரண்டாம் இராசாதிராசனிடம் அடைக்கலம் புகுந்தான். ஈழத்துப் படையைப் பற்றிய அச்சம் தொண்டை மண்டலம் வரை பரவியிருந்தது. காஞ்சிக்கு அண்மையிலுள்ள ஆற்பாக்கத்துக் கல்வெட்டு அதற்குச் சான்று. எதிரிலிசோழச் சம்புவராயன், ஈழப்படை அழியவேண்டி ஞானசிவதேவரைக் கொண்டு இருபத்தெட்டு நாட்கள் வழிபாடு நடத்துவித்து, அதன்பின் ஆற்பாக்கத்தையே அவருக்குத் தானமாக வழங்கினான். ஒரு தீவிலிருந்து வந்த படை அத்துணைத் தொலைவில் அத்துணைக் கலக்கத்தை விளைவித்தது என்பதற்கு இதனினும் சிறந்த ஆவணம் வேண்டியதில்லை. பின்னர்ச் சோழப்படை வென்றது. இலங்காபுரன், சகத்விசயன் ஆகியோரின் தலைகள் மதுரைக் கோட்டை வாயிலில் அறையப்பட்டனவெனப் பல்லவராயன்பேட்டைச் சாசனம் கூறுகின்றது.

பராக்கிரமபாகு ஓயவில்லை, இவ்விடத்திலேதான் ஊராத்துறை மீண்டும் வரலாற்றில் தோன்றுகின்றது. இராசாதிராசனின் 12ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்த திருவாலங்காட்டுக் கல்வெட்டு, ஈழத்தரசன் மறுபடியும் படையெடுக்கக் கருதி ஊராத்துறை, புலைச்சேரி, மாதோட்டம், வல்லிகாமம், மட்டிவாள் முதலிய இடங்களிற் படைகளைத் திரட்டிக் கலங்களையும் கட்டுவித்தான் என்று கூறுகின்றது. இதனை அறிந்த அண்ணன் பல்லவராயன் என்னும் சோழ அதிகாரி எதிரி புறப்படும்வரை காத்திருக்கவில்லை. பராக்கிரமபாகுவின் மருமகனும், அரசுரிமை கோரிச் சோழநாட்டில் அடைக்கலம் புகுந்திருந்தவனுமாகிய சீவல்லவனைப் படையுடன் அனுப்பினான். அப்படை மேற்கூறிய இடங்களைத் தாக்கி அழித்தது. அங்கு நின்ற யானைகளைக் கவர்ந்தது. பலரைக் கொன்றது, பலரைச் சிறைப்பிடித்தது.

நயினாதீவுக் கல்லையும் திருவாலங்காட்டுக் கல்லையும் அருகருகே வைத்துப் பார்க்கும்போதுதான் பராக்கிரமபாகுவின் கடற்கொள்கை முழுமையாக விளங்குகின்றது. ஒன்றில் ஊராத்துறை பரதேசிகள் பாதுகாப்போடு வந்திறங்கும் துறை. மற்றொன்றில் அது தீக்கிரையாகும் படைத்தளம். வாணிகத்துக்காகத் திறக்கப்பட்ட துறையே போருக்கும் உகந்ததாயிற்று. போருக்கு உகந்ததாயினமையால் எதிரியின் இலக்காகவும் ஆயிற்று. பொலன்னறுவையை எந்தச் சோழப்படையும் அப்போது அணுகவில்லை. பராக்கிரம சமுத்திரத்தின் கரை உடையவில்லை. மறுதாக்கம் முழுவதும் வடகரையின்மீதும் தீவுகளின்மீதும் விழுந்தது. அரசொன்று வெளியே விரியும்போது அதன் புகழ் தலைநகரிற் சேர்கின்றது. அதன் ஆபத்து துறைமுகத்திற் சேர்கின்றது.

கலங்களைக் கட்டிய கைகள் எவருடையவை? சாசனங்கள் தளபதியரின் பெயரைச் சொல்லும். தச்சரின் பெயரைச் சொல்லா. மரம் வன்னிக்காடுகளிலிருந்து வந்திருக்க வேண்டும், தீவில் அத்தகைய மரமில்லை. ஆனால் மரத்தை இழுக்கவும், கயிறு திரிக்கவும், நீரும் உணவும் சுமக்கவும் துறைக்கு அண்மையில் வாழ்ந்தோரே உதவியிருத்தல் வேண்டும். சில மைல் அகலமே உடைய இத்தீவில் எந்த ஊரும் கடலுக்குத் தொலைவிலில்லை. நாரந்தனை, கரம்பன், சுருவில், சரவணை எனும் ஊர்கள் இன்றிருக்கும் நிலத்தில் அன்று எவர் வாழ்ந்தனராயினும், சீவல்லவனுடன் வந்த படையிலிருந்து ஒதுங்கி மறைய அவர்களுக்கு மலையோ காடோ இருந்ததில்லை.

இங்கு ஒரு செய்தியை அழுத்திக் கூறுதல் வேண்டும். பிற்கால எழுத்தாளர் பலர் இப்போர்களைச் சிங்களருக்கும் தமிழருக்கும் இடையிலான பகையின் ஓர் அத்தியாயமாகவே எழுதிவந்துள்ளனர். அவ்வாறு எழுதுவோர் இரு பக்கத்திலும் உளர். சான்றுகள் அதற்கு இடந்தருவன அல்ல. பர்மா சென்ற படையின் தலைவன் தமிழ் அதிகாரி. ஊராத்துறை ஆணை தமிழில் பொறிக்கப்பட்டது. துறையில் வாழ்ந்தோருக்கும் வந்தோருக்கும் விளங்கவேண்டிய மொழி அதுவென அரசு உணர்ந்திருந்தது. ஈழப்படை மதுரைக்குச் சென்றது ஒரு பாண்டியனின் அழைப்பின் பேரில். எதிர்த்தது வேறொரு பாண்டியனை. சோழர் படையுடன் வந்து ஊராத்துறையை அழித்தவன் பொலன்னறுவை அரசகுலத்தவன். இவர்களுள் எவரையும் இன்றைய இனப்பெயரின் கீழ் ஒழுங்காக நிறுத்த முடியாது. அரசுரிமையும் வாணிகமும் அவர்களைப் பிரித்தன. அவையே அவர்களைச் சேர்க்கவும் செய்தன.

இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு போரின் முடிவே. படையால் இயலாததைப் பராக்கிரமபாகு பேரத்தால் முயன்றான். தன் பகைவனாயிருந்த குலசேகரனையே நண்பனாக்கிக்கொண்டான். குலசேகரன் சோழரைக் கைவிட்டு, மதுரை வாயிலில் அறையப்பட்டிருந்த ஈழத்துத் தளபதியரின் தலைகளை அகற்றினான். வெகுண்ட சோழர், ஈழத்தார் முன்னர் முடிசூட்டிய வீரபாண்டியனையே இப்போது தாம் அரியணையில் அமர்த்தினர். பத்தாண்டுப் போரின்பின் இரு தரப்பும் தத்தம் வேட்பாளரை மாற்றிக்கொண்டு நின்றன! மாண்டவர்களுக்கு எவரும் கணக்கு வைக்கவில்லை.

1186இல் பராக்கிரமபாகு இறந்தான். அடுத்து வந்தோருள் நிசங்கமல்லன் தானும் இராமேசுவரம் வரை சென்றதாகக் கல்லிற் பொறித்துக்கொண்டான். அவனுக்குப்பின் அரசு விரைவிற் தளர்ந்தது. குளங்களும் கட்டடங்களும் கடற்போரும் ஒருங்கே களஞ்சியத்தை உறிஞ்சியிருந்தன என்ற கருத்துப் பொருத்தமானதே. 1215இல் கலிங்க மாகன் பொலன்னறுவையைக் கைப்பற்றினான். அவன் படை நிறுத்திய இடங்களைச் சூளவம்சம் வரிசைப்படுத்துகையில் மாதோட்டம், புலச்சேரி, வாலிககாமம் ஆகியவற்றோடு சூகரதித்தம் என்றொரு துறையும் இடம்பெறுகின்றது. சூகரம் என்பது பன்றி. சிங்களத்தில் ஊரா என்பதன் பொருளும் அதுவே. ஊராத்தோட்டை என வழங்கிய பெயரைப் பாளி நூலாசிரியர் சொல்லுக்குச் சொல் பெயர்த்துவிட்டார். பெயரின் மூலம் யாதாயினும், பராக்கிரமபாகு வெளியே செல்வதற்காகக் கட்டிய தளங்களே வெளியிலிருந்து வந்தவனுக்கு உள்நாட்டை அடக்கும் தளங்களாயின என்பது இப்பட்டியலால் விளங்கும்.

துறை மட்டும் எஞ்சியது. யாழ்ப்பாண அரசர் காலத்திலும் அதன்பின்னும் கலங்கள் அங்கு வந்தவண்ணமே இருந்தன. போர்த்துக்கேயர் அதனை யானைகளின் இறங்குதுறை என்னும் பொருளில் தம் மொழியில் வழங்கினர். கயிற்ஸ் என்ற பெயர் அதிலிருந்து வந்தது. ஒல்லாந்தர் காலத்தில் வன்னிக் காடுகளிற் பிடித்த யானைகள் ஆனையிறவைக் கடந்து நடத்திவரப்பட்டு, இதே கரையிலிருந்து இந்தியாவுக்கு ஏற்றப்பட்டன. யானை கொண்டுவருவோருக்கு முக்காற் பங்கை விட்டுக்கொடுத்த துறை, யானையை வெளியே அனுப்பும் துறையாயிற்று. அப்போது ஆணை பிறப்பித்தவர் பொலன்னறுவையிலுமில்லை, நல்லூரிலுமில்லை. நயினாதீவுக் கல்லோ தன் பழைய விதியைச் சுமந்தபடி அங்கேயே நின்றது.